ஃப்ளை லைன் நுனி லூப் பிஞ்சிருச்சு, நடுவுலயும் வெடிப்பு: சேலத்துல கிடைக்கற சாமானை வெச்சு சரி பண்ண முடியுங்களா?

நாகலூர் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்ல வேலை பாக்கறேன். எஸ்டேட்டுக்குள்ளயே தண்ணி பாய்ச்சறதுக்கு ஒரு குட்டை இருக்கு, ஓனர்கிட்ட கேட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்க ஃப்ளை ராடு (பூச்சி மாதிரி கட்டின ஃப்ளையை, எடையுள்ள லைனால வீசற தூண்டில்) எடுத்துட்டுப் போவேன், ஜிலேபி மீன் கெடைச்சா வீட்டுக்கு, கெண்டை கெடைச்சா திரும்ப தண்ணிக்கு. என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு லைன்தான், 5ம் நம்பர், வெயிட் ஃபார்வர்டு (எடை முன் பாகத்துல இருக்கற வகை), மிதக்கற டைப், வெளிநாட்டுல இருந்து மாமா வாங்கிட்டு வந்து குடுத்து நாலு வருஷம் ஆச்சு. இங்க புதுசா வாங்கணும்னா ஒரு லைனுக்கே என்னோட அரை மாச மளிகைக் காசு போயிரும், அதனாலதான் கேக்கறேன்.

பிரச்சனை மூணு இடத்துல இருக்கு. ஒண்ணு, நுனியில கம்பெனியே போட்டுக் குடுத்த லூப். அதோட கழுத்துல மேல் தோல் வெடிச்சு உள்ள வெள்ளை நூல் தெரிஞ்சுச்சு, நானும் பரவால்லனு ஓட்டிட்டு இருந்தேன். போன வாரம் ஒரு நல்ல ஜிலேபி இழுத்தப்ப அந்தத் தோல் அப்படியே சாக்ஸ் கழட்டற மாதிரி நழுவி வந்துருச்சு, லீடரோட (லைன் நுனியில மாட்டற மெல்லிசு நரம்பு) மீன் போயிருச்சுங்க. வாயில ஊசியோட போச்சேன்னு அன்னிக்கு ராத்திரி பூரா மனசே சரியில்லை. ரெண்டு, நுனியில இருந்து நாலடி தள்ளி மோதிரம் மாதிரி சுத்தி ஒரு வெடிப்பு. காஸ்ட் பண்றப்ப, அதாவது வீசறப்ப, லைன் அந்த எடத்துல மட்டும் முழங்கை மாதிரி மடங்குது. மூணு, ஒரு 11 மீட்டர் தள்ளி ஜீப் கதவுல மாட்டி ஒரு அரிசி அளவுக்கு தோல் பேந்துருக்கு, உள்ள நூலுக்கு ஒண்ணும் ஆகலை.

ரெண்டாவது எடத்துல சூப்பர் க்ளூ வெச்சுப் பாத்தேன். காஞ்சதும் கம்பி மாதிரி வெறச்சுக்கிச்சு, ரெண்டே நாள்ல அதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புதுசா ஒவ்வொரு வெடிப்பு. இப்ப என்ன பண்ணலாம்? வெட்டிடலாமா, ஒட்ட முடியுமா, புது லூப் நாமளே போட முடியுமா? யாராவது செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மேட்டூர் கரை:

தம்பி, முதல்ல அந்த சூப்பர் க்ளூவைத் தூக்கி ஓரமா வைங்க. அது கெட்டியா ஒட்டும், ஆனா காஞ்சா வளையாது. லைனுக்கு உயிரே வளையறதுதான், ஒரு இன்ச் வெறச்சுப் போனா அதோட ரெண்டு ஓரமும் தான் எல்லா மடிப்பையும் தாங்கும், அங்கதான் அடுத்து வெடிக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

லைன் எப்படி செஞ்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈஸி. உள்ள இருக்கறது கோர், பின்னின நைலான் நூல், பலம் பூரா அதுலதான். உங்க நம்பருக்கு சாதாரணமா 9 கிலோ பக்கம் தாங்கற கோர்தான் இருக்கும். மேல இருக்கற கோட்டிங் எடைக்கும் மிதக்கறதுக்கும் வழுக்கறதுக்கும் மட்டும்தான். உங்க மீன் ஏன் போச்சு? லூப்பை புடிச்சிட்டு இருந்தது கோட்டிங், கோர் இல்லை. அதனால புதுசா எந்த லூப் போட்டாலும் ஒரே கேள்வி கேளுங்க, இது கோரைக் கவ்வுதா, இல்ல தோலை மட்டும் கவ்வுதா?

அடுத்து, கோட்டிங் என்ன பொருள்னு பாக்கணும். பெரும்பாலான லைன் பிவிசி, சில கம்பெனி மட்டும் பாலியூரித்தேன். நுனியில வெட்டி எறியப் போற துண்டுல ரெண்டு இன்ச் எடுத்து அசிட்டோன் இருக்கற நெயில் பாலிஷ் ரிமூவர்ல ஒரு நிமிஷம் முக்கி வைங்க, பிவிசியா இருந்தா கொழகொழன்னு ஆகி நகத்தால சுரண்டினாலே கழண்டு வரும், உள்ள நைலான் அப்படியே நிக்கும். பாலியூரித்தேனா இருந்தா அசையாது. இது தெரியாம சூடு காட்டற வேலையில இறங்காதீங்க.

இப்ப மூணு எடத்துக்கும் வர்றேன். நுனியில முதல் அடிக்குள்ள வெடிச்சிருந்தா யோசிக்காம வெட்டிட்டுப் புது லூப் போடலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது. லைன் நம்பர்ங்கறது முதல் 30 அடியோட எடையை வெச்சு அமெரிக்கக்காரங்க 1960கள்ல இருந்து வெச்சிருக்கற கணக்கு, 5ம் நம்பருக்கு 140 கிரெயின், அதாவது 9 கிராம் சொச்சம். அதுல நுனி ஒரு அடி இத்தனூண்டு எடைதான். ஆனா நாலடி வெட்டினா கதை வேற. அந்த நாலடிதான் மெல்லிசா சரிஞ்சு வர்ற டேப்பர், அது போயிட்டா தடிமனான பாகம் நேரா லீடர்ல முட்டும், ஃப்ளை பூ மாதிரி எறங்காம பொத்துனு விழும். விரால் மாதிரி முரட்டு மீனுக்கு பரவால்ல, குட்டைத் தண்ணியில கெண்டை செதறி ஓடிரும். அதனால நாலடி வெடிப்பை வெட்டாதீங்க, சரி பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. லைனை விரல்ல சுத்தி வளைச்சு வெளிச்சத்துல பாருங்க. ரெண்டு மூணு வெடிப்புன்னா சரி பண்ணலாம், கோலப்பொடி கோடு மாதிரி நெடுக பொடிப்பொடியா வெடிச்சிருந்தா பிவிசியை மெத்துனு வெச்சிருக்கற எண்ணெய்ச் சத்து செத்துப் போச்சுன்னு அர்த்தம், அதை ஒட்டி ஒட்டி ஜெயிக்க முடியாது. கொசுவுக்கு தடவற மருந்து, சன் ஸ்க்ரீன், பெட்ரோல் கை, இதெல்லாம் கோட்டிங்கைத் தின்னுரும். வெயில்ல பூட்டின வண்டிக்குள்ள ரீல் கிடந்தாலும் அப்படித்தான். ஏற்காட்டுல சாயங்காலம் கொசு சும்மா விடாதுன்னு தெரியும், தடவினா உள்ளங்கையை சோப்பு போட்டு கழுவிட்டு அப்புறம் லைனைத் தொடுங்க.

குகை நூல்காரர்:

நான் சேலம் குகைங்க, அப்பா காலத்துல வீட்டுல தறி ஓடுச்சு. லூப் பத்தி கேட்டதால எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

எனக்கு சூடு காட்டற வேலையில நம்பிக்கை கம்மி, நான் போடறது எல்லாமே நூல் சுத்தின லூப்தான். காரணம் மேட்டூர் அண்ணன் சொன்னதுதான், நூலை இறுக்கி சுத்தினா அது கோட்டிங்கை அழுத்தி உள்ள கோர் வரைக்கும் கடிக்கும். இழுக்க இழுக்க இறுகும். தறியில பாவு (நெடுக ஓடற நூல்) பிணைக்கறதை பாத்திருப்பீங்களான்னு தெரியல, பழைய பாவோட முனையும் புதுப் பாவோட முனையும் சேத்து விரல்ல சாம்பலைத் தொட்டுக்கிட்டு ஒரு முறுக்கு, அவ்ளோதான், முடிச்சே கிடையாது. ஆனா ஆயிரக்கணக்கான இழையும் அச்சுக்குள்ள (தறியில இருக்கற சீப்பு மாதிரி) பூந்து வெளிய வரும், ஒண்ணு கூட நழுவாது. முடிச்சு போட்டா அச்சுல மாட்டும். ராடு வளையத்துல லூப் மாட்டாம போகணும்னா அதே புத்திதான் வேணும், முண்டு இருக்கக் கூடாது, சரிவா இருக்கணும்.

செய்யற முறை இப்படி. லைன் நுனியை புது பிளேடுல சாய்வா, எழுதுகோல் சீவின மாதிரி வெட்டுங்க, நேரா வெட்டினா அந்த முனைதான் பின்னால முண்டா நிக்கும். ஒரு 4 சென்டிமீட்டர் மடிச்சு வைங்க. லூப்போட ஓட்டை சின்னதா, ஒரு உளுந்து நுழையற அளவுக்கு இருந்தா போதும், பெருசா விட்டா காத்துல கொடி மாதிரி ஆடும், தண்ணியையும் கீறும். நூல் எதுன்னா, வலை பின்றதுக்கு விக்கற 210 டெனியர் நைலான் இருக்கு பாருங்க, அதுல ஒத்தை இழை. தையல் மிஷின் பருத்தி நூல் வேண்டாம், ஈரத்துல உளுத்துப் போகும்.

பாபின்ல (ஃப்ளை கட்டறப்ப நூல் உருளையை மாட்டிப் புடிக்கற ரெண்டு கால் கருவி) நூலை மாட்டி, பாபின் காலைச் சுத்தி நாலு தடவை கூடுதலா சுத்திக்கோங்க, அப்பத்தான் நூல் லேசுல வராம டைட்டா வரும். என்கிட்ட முன்னாடி பாபின் கிடையாது, வீட்டுல கிடந்த தறியில ஊடை நூல் சுத்தற பழைய தார்க்குச்சியைத்தான் வெச்சு சுத்துவேன், அதுவும் நல்லாத்தான் வந்துச்சு. மடிச்ச எடத்துல கையால ஒரு ஏழெட்டு சுத்து சுத்தி நூலை பிடிக்க வெச்சுட்டு, லைனை ரெண்டு கையிலயும் இழுத்துப் புடிச்சு, நடுவுல தொங்கற பாபினை ராட்டினம் சுத்தற மாதிரி லைனைச் சுத்தியே சுழட்டுங்க. அது வேகமா சுத்தறப்ப அதோட எடையே நூலை உள்ள எறக்கும். பக்கத்துல வெச்சு பாத்தா தெரியும், ஒவ்வொரு சுத்தும் கோட்டிங்குக்குள்ள ஒரு சின்னப் பள்ளம் பறிச்சுட்டு உக்காரும், நூல் மேல மேடா நிக்காது, லைனோட தோல் மட்டத்துக்கு எறங்கிரும். மேடா நின்னா டைட் பத்தலை, பிரிச்சுட்டு மறுபடி சுத்துங்க. லூப் பக்கத்துல ஆரம்பிச்சு சாய்வா வெட்டின முனையைத் தாண்டி ரெண்டு மூணு சுத்து வெறும் லைன் மேலயும் போகணும், மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர் வந்தா போதும்.

முடிக்கறதுக்கு ஒரு துண்டு தூண்டில் நரம்பை ரெண்டா மடிச்சு கடைசி எட்டு சுத்துக்கு அடியில வெச்சு சுத்துங்க, நூல் முனையை அந்த மடிப்புல விட்டு நரம்பை இழுத்தா முனை அடியில பூந்து வந்துரும். அப்புறம் மேல ஒரு பூச்சு. செருப்புத் தைக்கறவர்கிட்ட இருக்கற ரப்பர் பசையை மெல்லிசா ரெண்டு தடவை, ஒவ்வொண்ணும் காயவிட்டு தடவுங்க, இல்லாட்டி நெயில் ஆர்ட் பண்றவங்க வெச்சிருக்கற யூவி ரெசின்ல வளைஞ்சு குடுக்கற வகையா பாத்து வாங்குங்க. பூச்சு நூலை மறைச்சா போதும், குண்டு கட்டக் கூடாது.

கடைசியா ஒரு ஆணியை கட்டையில அடிச்சு அதுல லூப்பை மாட்டி கையில துணி சுத்திக்கிட்டு நல்லா இழுங்க. வீட்டுல நழுவினா அஞ்சு நிமிஷ வேலை. தண்ணியில நழுவினா மீன் வாயில ஊசியோட திரியும், தம்பி அதைத்தான் வருத்தப்பட்டு எழுதியிருக்காரு, அந்த வருத்தம் எனக்கும் தெரியும்.

அஸ்தம்பட்டி அக்கா:

நூல்காரர் அண்ணா சொன்ன முறை அருமைங்க, நானும் ரெண்டு போட்டிருக்கேன். ஆனா சூட்டை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம்னு நினைக்கறேன், ஏன்னா தம்பியோட நாலடி வெடிப்புக்கும் ஜீப் கதவு காயத்துக்கும் சூடுதான் சரியான மருந்து. நான் மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், எங்க வீட்டுக்காரருக்கு ஃப்ளை ஃபிஷிங் பைத்தியம், அவரோட லைன் எல்லாம் என் டேபிள்லதான் சரியாகும்.

தேவையானது ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், 2 மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி தெரியற கலர்ல கேளுங்க. எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் விக்கற கடையில மீட்டர் கணக்குல குடுப்பாங்க. கருப்பு வாங்காதீங்க, உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது. இது சூடு பட்டா பாதியா சுருங்கும், சுருங்கி உருகின பிவிசியை சுத்திலும் அமுக்கிப் புடிக்கும், ஆனா பிவிசியோட ஒட்டாது, அதனால ஆறினதும் உரிச்சு எடுத்துரலாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயம், இதை மறந்துட்டு நான் ஒரு தடவை போட்ட லூப்பையே வெட்டி எறிஞ்சேன். நடு லைன்ல வேலை இருந்தா ஸ்லீவை லைன்ல கோத்து அந்த எடத்துக்கு தள்ளிட்டுப் போயிட்டு அப்புறமாத்தான் நுனியில லூப் போடணும். லூப் போட்டுட்டா ஸ்லீவ் உள்ளயே போகாது. 11 மீட்டர் தள்ளணும்னா லைனை சோப்புத் தண்ணியில நனைச்சுக்கோங்க, வழுக்கிட்டுப் போகும். அந்த எடம் வந்ததும் சுத்தமா கழுவி, துடைச்சு, நல்லா காயவிடணும். கோருக்குள்ள ஈரம் இருந்தா சூட்டுல ஆவியாகி கோட்டிங் கொப்புளம் போடும். வெடிப்பு வழியா கோர் தண்ணி குடிச்சிருக்கும், அதனால ஒரு நாள் பூரா நிழல்ல தொங்க விடுங்க.

சூடு எவ்ளோன்னா, எங்க கடை ஹாட் ஏர் மெஷின்ல நான் 180 டிகிரில வெச்சு, மெஷினோட மூக்கை நாலு விரக்கடை தள்ளி காட்டறேன், காத்து கம்மியா. முதல்ல ஸ்லீவ் சுருங்கும், அப்புறம் சில செகண்டுல உள்ள கோட்டிங் மங்கலா இருந்தது பளபளன்னு மாறும், வெடிப்புக் கோடு மூடிக்கும். அந்தப் பளபளப்பு வந்த உடனே நிறுத்திடணும். அதுக்கு மேல காட்டினா உள்ள இருக்கற நைலான் அடி வாங்கும், நைலான் 6 உருகறதே 220 டிகிரி பக்கம்தான், உருகறதுக்கு முன்னாடியே பலம் எறங்கிரும். வெளிய பாக்க அழகா இருக்கும், இழுத்தா பட்டுனு போயிரும். எடுத்ததும் ரெண்டு விரலுக்கு நடுவுல துணி வெச்சு உருட்டுங்க, வட்டமா வரும். முழுசா ஆறட்டும். சூடா இருக்கறப்ப வளைச்சுப் பாக்கவே கூடாது. ஆறினதும் பிளேடை படுக்க வெச்சு ஸ்லீவை மட்டும் கீறி உரிங்க.

லூப்பும் இதே மாதிரிதான், 3 சென்டிமீட்டர் மடிச்சு, முனையை சாய்வா வெட்டி, மடிஞ்ச ரெண்டு பாகமும் சேர்ற எடத்துல மட்டும் ஸ்லீவை வெச்சு சூடு காட்டணும், லூப் வெளிய இருக்கணும். இதுக்கு மடிச்சதும் தடிமன் ரெண்டு மடங்காகும்ல, அதனால கொஞ்சம் பெரிய ஸ்லீவா எடுத்துக்கோங்க. ஹாட் ஏர் இல்லைன்னா முடி நேராக்கற ஸ்ட்ரெயிட்னர் கூட போதும், தட்டுக்கு நடுவுல லேசா புடிச்சு உருட்டணும். லைட்டர் வேண்டவே வேண்டாம். ஜன்னலைத் தெறந்து வைங்க, பிவிசி கருகினா வர்ற பொகை தொண்டையை எரிக்கும், நல்லதில்லை.

பாலியூரித்தேன் லைன் இந்தச் சூட்டுக்கு இப்படி கேக்காது, அதுக்கு நூல்காரர் அண்ணா முறைதான்.

மேட்டூர் கரை:

அக்கா சொன்ன வெல்டு, அதாவது சூட்டுல உருக்கி ஒட்டறது, நடு லைனுக்கு ரொம்ப சரி. நுனி லூப்புக்கு மட்டும் ஒரு வார்த்தை சேத்துக்கறேன். வெல்டு லூப்ல ரெண்டு கோரும் பக்கத்துப் பக்கத்துல படுத்திருக்கு, அதுகளை சேத்து வெச்சிருக்கறது உருகின தோல் மட்டும்தான். கம்பெனி லூப்பும் அப்படித்தான் இருந்துச்சு, அது எப்படி போச்சுன்னு தம்பிக்கே தெரியும். அதனால வெல்டு மேல நரம்பால ரெண்டு நெயில் நாட் (சுத்து முடிச்சு) போட்டு இறுக்கிருங்க, ஒண்ணு லூப் கழுத்துல, இன்னொண்ணு ஒரு சென்டிமீட்டர் தள்ளி.

நெயில் நாட்டுக்குன்னு தனியா டூல் வாங்க வேண்டாம். தீர்ந்து போன பால் பாயிண்ட் பேனா ரீஃபில்ல ரெண்டு இன்ச் வெட்டி, உள்ள கழுவிட்டு, லைனோட ஒட்டி வெச்சு 4 கிலோ நரம்பை ரெண்டையும் சேத்து ஆறு சுத்து சுத்துங்க, நரம்பு முனையை ரீஃபில் ஓட்டை வழியா திருப்பி விட்டு, ரீஃபிலை உருவிட்டு, எச்சில் தொட்டு மெதுவா இறுக்குங்க. சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம வரிசையா படுக்கணும். கடைசி இழுப்பு பலமா இருக்கட்டும், நரம்பு கோட்டிங்குக்குள்ள அமுங்கறது கண்ணுக்கே தெரியும். அவசரத்துக்கு ஆத்தங்கரையில வெல்டும் வேண்டாம் பாபினும் வேண்டாம், லைனை மடிச்சு இந்த நெயில் நாட் மட்டும் மூணு போட்டாலே அது ஒரு லூப்தான். நான் மேட்டூர்ல கட்லாவுக்கு வெச்சிருக்கற 8ம் நம்பர் லைன்ல அப்படிப் போட்டதுதான் மூணு வருஷமா ஓடுது.

இன்னொண்ணு, இதை படிக்கற மத்தவங்களுக்கு. உங்க லைன் டப்பாவுல டிடினு போட்டிருந்தா அது டபுள் டேப்பர், ரெண்டு முனையும் ஒரே மாதிரி. நுனி பாழாயிட்டா ரீல்ல இருந்து பூரா உருவி தலைகீழா சுத்திக்கோங்க, பாதி வாழ்க்கை புதுசா கிடைக்கும். தம்பியோடது வெயிட் ஃபார்வர்டு, அதுல இந்த வழி கிடையாது.

நாகலூர் தம்பி:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

வெட்டின துண்டை ரிமூவர்ல போட்டேன், ஒரு நிமிஷத்துல கோட்டிங் வெண்ணெய் மாதிரி வழிஞ்சுது, பிவிசிதான். உள்ள கோர் எவ்ளோ மெல்லிசுன்னு அப்பத்தான் பாத்தேன், தையல் நூலை நாலா பின்னின மாதிரி இருக்கு, இதுதான் அத்தனை மீனையும் இழுத்துச்சான்னு இருந்துச்சு. வியாழக்கிழமை லோடு ஜீப் கீழ போச்சு, அதுலயே 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி டவுன்ல ஸ்லீவ் வாங்கிட்டு, தெரிஞ்ச செல்போன் கடை அண்ணன்கிட்ட ஹாட் ஏர் கேட்டேன், அவரு டேபிளையே விட்டுக் குடுத்தாரு.

அக்கா சொன்னதாலதான் ரெண்டு ஸ்லீவையும் முதல்ல கோத்தேன், இல்லைன்னா கண்டிப்பா லூப்பை முதல்ல போட்டிருப்பேன். லைனை ஒரு நாள்தான் காயப் போட்டேன், எங்க ஊர்ல பனி, அது பத்தலை. வெட்டின துண்டுல பழகறப்ப 250ல வெச்சுட்டேன், கொப்புளம் கொப்புளமா வந்துச்சு, இழுத்ததும் கையோட வந்துருச்சு. அது பழகற துண்டா இருந்ததால பொழச்சேன். மறுபடி 180ல வெச்சு, லைனை இன்னும் ரெண்டு மணி நேரம் ஃபேன் காத்துல காயவெச்சுட்டு காட்டினேன், அக்கா சொன்ன பளபளப்பு வந்துச்சு, வெடிப்புக் கோடு கண்ணு முன்னாடியே மூடிக்கிச்சு. பழைய சூப்பர் க்ளூ இருந்த எடம் மட்டும் சின்னதா ஒரு தழும்பு மாதிரி நிக்குது, கையில தட்டுப்படுது, ஆனா இப்ப மடங்கறதில்லை.

நுனிக்கு நூல்காரர் அண்ணா முறைதான் எடுத்தேன். முதல் தடவை நூல் மேடாவே நின்னுச்சு, பிரிச்சேன். ரெண்டாவது தடவை பாபின் கால்ல அஞ்சு சுத்து கூட்டினேன், அப்ப உக்காந்துச்சு பாருங்க, விரலை ஓட்டினா நூல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலை. எஸ்டேட்ல காபிப் பழம் எடை போடற கொக்கித் தராசுல லூப்பை மாட்டி இழுத்தேன், 6 கிலோ வரைக்கும் போனேன், அசையலை. என் டிப்பெட்டே (லீடரோட கடைசி மெல்லிசு நரம்பு) ரெண்டரை கிலோதான் தாங்கும், அதனால அது போதும்னு நிறுத்திட்டேன்.

நேத்து சாயங்காலம் குட்டைக்குப் போனேன். சில்வர் ஓக் மரத்து நிழல் தண்ணியில விழற மூலையில போட்டேன், ஃப்ளை சத்தமே இல்லாம எறங்குச்சு. ரெண்டு ஜிலேபி, ஒரு கெண்டை. கெண்டையை விட்டுட்டேன். முக்கியமா நுனி முங்காம மிதக்குது, வெடிப்பு வழியா தண்ணி குடிச்சுத்தான் இத்தனை நாளா நுனி முங்குச்சுன்னு இப்பத்தான் புரியுது.

ஒரே ஒரு சந்தேகம். லீடர் லூப்பையும் லைன் லூப்பையும் கோத்தா ஒரு பக்கம் மட்டும் இறுகி, லீடர் நரம்பு என் லூப் கழுத்துல கத்தி மாதிரி அழுத்துது. இப்படித்தான் இருக்கணுமா?

குகை நூல்காரர்:

அப்படி இருக்கக் கூடாதுங்க தம்பி, அது ரெண்டு மூணு வாரத்துல அறுத்துரும். லைன் லூப்பை லீடர் லூப்புக்குள்ள விடுங்க, அப்புறம் லீடரோட மறு முனையை லைன் லூப் வழியா முழுசா உருவிட்டு, ரெண்டு பக்கமும் சமமா புடிச்சு மெதுவா இழுங்க. இறுகறப்ப பாத்துட்டே இருங்க, ரெண்டு பேரு கை கோத்த மாதிரி ரெண்டு லூப்பும் ஒண்ணையொண்ணு சமமா புடிச்சிருக்கணும். ஒண்ணு மட்டும் இன்னொண்ணோட கழுத்தைச் சுத்தி நெரிச்சுட்டு இருந்தா தப்பு, தளர்த்தி நகத்தால அந்த மடிப்பைப் பின்னால தள்ளிட்டு மறுபடி இழுங்க. நனைச்சுட்டு இழுத்தா தானாவே சரியான எடத்துல உக்காரும்.

இதுவரைக்கும் அழுத்தின எடத்துல நூலுக்கு மேல பூச்சு பேந்திருக்கான்னு பாருங்க. பேந்திருந்தா இன்னிக்கே ஒரு பூச்சு விட்டு ராத்திரி பூரா காயட்டும்.